இரண்டு தடவை அழைத்த பிறகு

மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். காலையில் கண் விழித்ததிலிருந்து இசக்கிராஜாவுக்கு அந்த ஆறு மணி நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. பல் தேய்க்கும்போது இருந்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதும் இருந்தது. அவன் மனைவி நிர்மலாதேவி மின்வாரிய ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே, "சாம்பார் ஊத்தாமலே எல்லாத்தையும் தின்னுட்டியளே" என்று சொன்ன பிறகுதான் தட்டைக் குனிந்து பார்த்தான்.

"என்ன முடிவு பண்ணியிருக்கிய?" என்று கேட்டாள்.

"சுஹைப் பாய் என்ன சொல்லுதாரோ அதுதான்."

"அவரு பதில அவரு சொல்லுவாரு. நான் உங்களக் கேக்கேன்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "போனாலும் சரி, இருந்தாலும் சரி. பயந்துக்கிட்டு முடிவெடுக்காதிய. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அவன் பயந்துதான் போயிருந்தான்.

இசக்கிராஜா விமானி. துணை விமானி என்று திருத்திச் சொல்ல வேண்டும். சுஹைப் கேப்டன். இருவருக்கும் தென்காசிதான் ஊர் என்றாலும், ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டது பெங்களூரில், ஒரு விமானத்தை ஓட்டும் முன்னறையில். "நீ எந்தத் தெரு?" என்று முப்பதாயிரம் அடி உயரத்தில் சுஹைப் கேட்டாராம். பதில் சொன்னதும், "அடப்பாவி, நம்ம வீட்டுக்குப் பால் ஊத்துத தெருல்லா" என்றாராம். அன்றிலிருந்து அப்படி ஒரு பழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியின் விமானங்களில் பாதிக்கு மேல் எஞ்சின் பழுதாகி, உதிரிப் பாகம் கிடைக்காமல் வரிசையாகத் தரையில் நின்றுவிட்டன. 'சில வாரங்களுக்குச் சம்பளமில்லாத விடுப்பு' என்று போனில் ஒரு செய்தி வந்தது. சில வாரம் சில மாதமானது. அதுவும் போய் இரண்டு குற்றால சீசன் கடந்துவிட்டது. போன் செய்தால் எடுக்க ஆளில்லை. வேலை தேடி அலுத்துப்போய், கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு வேன் வாங்கினார்கள். சீசனில் தென்காசி ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது, மற்ற மாதங்களில் கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போவது என்று பிழைப்பு ஓடியது. ஊரில் அதற்குப் 'பைலட் வண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. "அண்ணாச்சி, எப்ப பறக்கப் போறிய?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். "ரன்வேல மாடு படுத்துக் கெடக்குலே, அது எந்திரிக்கட்டும்" என்பார் சுஹைப்.

இப்போது அதே கம்பெனி மெயில் அனுப்பித் திரும்பக் கூப்பிடுகிறது. அதே இடம், அதே சீனியாரிட்டி. வியாழக்கிழமையான இன்று மாலை ஆறு மணிக்குள் சம்மதம் சொல்லாதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வந்தவுடன் மருத்துவப் பரிசோதனை, பிறகு பயிற்சி, பிறகு வானம்.

இசக்கிராஜாவுக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. ஒரே ஒரு செய்தியில் நடுத்தெருவில் இறக்கிவிட்டவர்கள் மறுபடி இறக்கிவிட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? போகாமல் இருந்துவிட்டால், கையில் இருக்கிற பழக்கமும் போய், இனி ஆகாயத்தை வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். "ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தாம்லே" என்று சுஹைப் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் போவோம் என்றுதான் இருந்தார். வெள்ளத்தில் போகிறவன் வேரைப் பிடித்துக்கொள்வது போல இசக்கிராஜா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சவாரி ஆய்க்குடியிலிருந்து. அங்கே நடக்க முடியாதவர்களையும் கை வழங்காதவர்களையும் வைத்துப் பராமரிக்கும் இல்லம் ஒன்று இருந்தது. சாரல் விழத் தொடங்கியதும் அங்கிருப்பவர்களை வாரம் ஒரு குழுவாக ஐந்தருவிக்குக் கூட்டிப்போக வேண்டும். சக்கர நாற்காலிகளை மடக்கி ஏற்றுவதற்கும், ஆட்களைத் தூக்கி உட்காரவைப்பதற்கும் மற்ற வேன்காரர்களுக்குப் பொறுமை இல்லை. இவர்கள் இருவரும் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை என்று இல்லத்தில் சொல்வார்கள்.

வேனை இவர்கள் ஓட்டும் விதமே தனி. விமானத்தில் கேப்டன் உட்காருவது இடது பக்கம். வேனில் ஸ்டீயரிங் வலது பக்கம். "கேப்டன் சீட்டுக்கு ஸ்டீயரிங் வைக்க மறந்துட்டானுவ" என்று சுஹைப் சொல்லிச் சிரிப்பார். யார் ஓட்டினாலும் மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆளோ வண்டியோ இல்லை என்பதற்கு "இடப்பக்கம் சும்மா" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால், ஓட்டுகிறவர் "சும்மா" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். "எதுத்தாப்ல லாரி" என்றால் "லாரி". ஆள் மாறும்போது சாவியைக் கொடுத்து, "வண்டி உனக்கு" என்று ஒருவர் சொல்வார். "வண்டி எனக்கு" என்று மற்றவர் சொன்ன பிறகுதான் முதல் ஆள் கையை எடுப்பார். பின்னால் இருக்கும் பயணிகள், இதென்ன பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி என்று சிரிப்பார்கள்.

விமானத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்லவில்லை என்றால் இரண்டாம் தடவை கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால், ஏன் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அந்த நொடியே விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இசக்கிராஜாவுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆனால் நிஜத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை, அன்று வரை.

குற்றாலம் தாண்டி ஐந்தருவி ரோட்டில் ஏறும்போது சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுஹைப் ஓட்டினார். காலையிலிருந்தே அவர் அதிகம் பேசவில்லை. அவருக்கும் அந்த ஆறு மணிதான் போலிருக்கிறது என்று இசக்கிராஜா நினைத்தான். வண்டியில் முன்னால் எப்போதும் ஒரு டப்பா நிறையப் பேரீச்சம்பழம் இருக்கும். சுஹைபின் மனைவி சஃப்ரின் கொடுத்துவிடுவது. "எடுத்துக்கலே" என்று சுஹைப் அதை இவன் பக்கமே தள்ளிவிடுவார். கவலை வந்தால் இவனுக்கு வாய் சும்மா இருக்காது. கடைசிப் பழத்தையும் அப்போதுதான் எடுத்துப் போட்டுக்கொண்டு, கொட்டையைத் துப்பக் கண்ணாடியை இறக்கினான். வளைவில் ஒரு பஸ் வந்தது.

"எதுத்தாப்ல பஸ்."

பதில் இல்லை.

"பாய், எதுத்தாப்ல பஸ்."

சுஹைபின் கண் திறந்துதான் இருந்தது. கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. ஆனால் முகத்தில் ஆள் இல்லை. வேன் மெல்ல மெல்ல வலது பக்கம் ஒதுங்கிப் பஸ்ஸுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி எனக்கு" என்று இசக்கிராஜாவின் வாய் தானாகச் சொன்னது. கை ஸ்டீயரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தது. மறுகை ஹேண்ட் பிரேக்கைத் தூக்கியது. வேன் குலுங்கிப் புல்லில் இறங்கி, ஒரு புளியமரத்துக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றது. பஸ் நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டே உரசாமல் கடந்து போனது. டிரைவர் தலையை நீட்டி, சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார். அதைக் கேட்க இவர்களுக்குக் காது இல்லை.

பின்னால் யாரும் கூச்சல் போடவில்லை. ஒருத்தி மட்டும் முருகனைக் கூப்பிட்டாள். இசக்கிராஜா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாருக்கும் அடியில்லை. 

சுஹைபின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாரல் அவர் பக்கம் வரவில்லை. எல்லாம் வேர்வை. "என்ன ஆச்சு?" என்று அவரே கேட்டார், எங்கிருந்தோ வந்தவர் மாதிரி. நாக்குக் குழறியது.

முதல் வரிசையில் கோமதியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். வயது ஐம்பது இருக்கும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அவள் மடியில் ஒரு பிளாஸ்க் எப்போதும் இருக்கும். "இந்தாங்க, இதக் குடிக்கச் சொல்லுங்க. கருப்பட்டிக் காப்பி. எனக்கு இனிப்புக் கூடத்தான் வேணும், அதனால வாய் ஒட்டுத மாதிரி இருக்கும்" என்று மூடியில் ஊற்றி நீட்டினாள். சுஹைப் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "குடிங்கய்யா. எச்சி பண்ணல" என்றாள். இசக்கிராஜா அதை வாங்கி அவர் வாயில் வைத்து விட்டான். இரண்டு மூடி குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு ஆள் திரும்பி வந்தது.

கோமதியம்மாளை அன்றைக்கு அந்த இருக்கையில் உட்காரவைத்தது யார் என்று பிற்பாடு இசக்கிராஜா பல தடவை யோசித்திருக்கிறான். ஏறும்போது அவளுக்குப் பின் வரிசையில்தான் இடம் சொல்லியிருந்தார்கள். தலை சுற்றும் என்று சொல்லி முன்னால் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மிச்ச தூரத்தை இசக்கிராஜா ஓட்டினான். ஐந்தருவியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மங்குஸ்தான் கூடை வைத்திருப்பவர்களும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும், நனைந்த பிள்ளைகளும் பாதையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை இறக்கி, பெண்களைப் பெண்கள் பக்கம் கூட்டிப்போக இல்லத்து ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஆண்களை இவர்கள் இருவரும் தண்ணீர் தெறிக்கும் இடம் வரை தூக்கிப் போனார்கள். அருவி விழுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. அங்கே வைத்துத்தான் இசக்கிராஜா அவர் காதருகே போய் முதல் தடவை கேட்டான்.

"பாய், என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லலே. ராத்திரி தூக்கம் இல்ல. அந்த மெயில் நெனப்பு."

அது பதில் இல்லை. திரும்பி வேன் அருகே வந்ததும் இரண்டாம் தடவை கேட்டான். "டாக்டர்ட்ட காட்டினியளா?"

சுஹைப் ஒரு நாற்காலியை மடக்கினார். மடக்கியதை மறுபடி விரித்தார். மறுபடி மடக்கினார். பேசவில்லை.

இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.

ஆய்க்குடியில் எல்லோரையும் இறக்கிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும்போது, ரோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் வாயை மூடிக்கொண்டு கேப்டன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இசக்கிராஜாவின் மனம் மட்டும் ஓயாமல் ஓடியது. இன்றைக்கு வேன். பின்னால் இருந்தவர்கள் சிலர். நாளைக்கு விமானம். பின்னால் நூற்றுக்கு மேல். அங்கே புளியமரம் இல்லை, இறங்கி நிற்கப் புல் இல்லை. இவரை இப்படியே போகவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இவர் வாழ்க்கை முடிந்தது. சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் டிவியில் ஏதாவது பார்த்துவிட்டால்? அந்த எண்ணத்தை அவன் முழுசாக நினைக்கக்கூட இல்லை. கோயில் கோபுரம் தெரிந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். விசுவநாதா, எனக்கு ஒரு வழி காட்டு.

வழி அவனுக்குத் தெரிந்ததாகவே பட்டது. இரண்டு தடவை கேட்டுப் பதில் இல்லையென்றால் யோசிக்கக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிவாசல் முன்னால் சுஹைப் அஸர் தொழுகைக்கு இறங்கினார். "டீசல் போட்டுட்டு வாரேன் பாய்" என்று சொல்லிவிட்டு, இசக்கிராஜா டீசல் போடப் போகவில்லை. நேராக சுஹைபின் வீட்டுக்குப் போனான். சஃப்ரினிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. அவளுக்குத் தெரிந்தால் அவரைப் போகவிட மாட்டாள். தான் கம்பெனியிடம் கோள் சொன்ன மாதிரியும் ஆகாது. போகும் வழியெல்லாம் தலைக்குள் வார்த்தையை அடுக்கிக்கொண்டு போனான்.

கதவைத் திறந்த சஃப்ரின் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. மேஜையில் வெள்ளைச் சட்டை விரித்துக் கிடந்தது. தோளில் வைக்கும் நான்கு கோட்டுப் பட்டைகள் துடைத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"வாங்க தம்பி. அவுக எங்க?"

"தொழுவப் போயிருக்காரு மதினி."

"உக்காருங்க. பாருங்க, சட்டை மஞ்சப் பூத்துப் போயிருக்குமோன்னு பயந்தேன். அல்லா காப்பாத்தினான், அப்படியே இருக்கு. ரெண்டு வருசமா அவுக இத எடுக்கவே விடல. இன்னைக்குக் காலைல போகும்போதுதான், இஸ்திரி போட்டு வையின்னாக." அவள் குரலில் பாட்டு மாதிரி ஒன்று இருந்தது. காலரை இன்னொரு தடவை தேய்த்தாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கிய?"

"ஒண்ணுமில்ல."

"பசியா இருக்கும். டப்பால பழம் காலியாயிருச்சா? கொண்டாங்க, நெறச்சுத் தாரேன். அவுகளுக்கு மாத்திரையில சர்க்கரை ரொம்ப எறங்கிட்டா கை நடுங்கும், உடனே இனிப்புத் திங்கணும்னு டாக்டர் சொன்னதுல இருந்து வண்டியிலயே ஒரு டப்பா வச்சுட்டேன். ஒரு நாளும் மிச்சம் வந்தது கிடையாது. நல்லாத் தின்னுதாகன்னு எனக்கு ஒரு நிம்மதி."

இசக்கிராஜா வேனிலிருந்து காலி டப்பாவை எடுத்து வந்தான். இத்தனை நாளும் தின்றது அவன். "எடுத்துக்கலே, எடுத்துக்கலே" என்று தள்ளிவிட்டது அவர்.

"எப்ப இருந்து மதினி, சர்க்கரை?"

"போன நோன்பு முடிஞ்சதுல இருந்து. இந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்ல? எங்க வீட்ல எல்லாருக்கும் உண்டு." அவளுக்கு அது தலைவலி காய்ச்சல் மாதிரி ஒன்று. விமானிக்கு அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுக்கிவைத்திருந்த வார்த்தையெல்லாம் அவன் வாய் வரை வந்தது. இஸ்திரிப்பெட்டியின் சூடும், சட்டையில் தெளித்த தண்ணீர் வாசமும் அவன் முகத்தில் அடித்தன. இந்த வீட்டில் இதைச் சொல்ல வேண்டியவன் தான் இல்லை என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது. ஒரு மனுஷன் தன் மனைவியிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவன் முந்திக்கொண்டு சொன்னால், அது உதவி இல்லை, பறிப்பு.

"பழத்த நான்தான் தின்னேன் மதினி" என்றான். அது மட்டும்தான் வந்தது.

அவள் சிரித்தாள். "அதுக்கென்ன? திங்கத்தான வச்சது." டப்பாவை வாங்கிக் கழுவித் துடைத்து நிறையப் பழத்தைப் போட்டு மூடிக் கொடுத்தாள். வெளியே வரும்போது, "ஆறு மணிக்குள்ள பதில் அனுப்பணும்னாகளே, ஞாபகப்படுத்துங்க தம்பி" என்றாள்.

சுஹைப் பள்ளிவாசல் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வேனில் ஏறி உட்கார்ந்தவர் கண்ணில் முதலில் பட்டது டப்பாதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"சொல்லிட்டியா?"

"சொல்லத்தான் போனேன். சொல்லல."

சுஹைபின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கோபத்தை இசக்கிராஜா பார்த்ததில்லை. "பஸ்ஸுக்கு முன்னால எடுத்தே. அது சரி, அதுக்கு உனக்கு ஆயுசுக்கும் கடமப்பட்டிருக்கேன். எம் பொண்டாட்டிட்ட, எம் வீட்டுல, அங்கயும் வந்து 'வண்டி எனக்கு'ன்னு எடுக்கப் பாத்தியாலே?"

"தப்புதான் பாய்."

"ரெண்டு தடவை கேட்டேன், பதில் இல்ல, எடுத்துட்டேன். ரூல் படி நடந்துக்கிட்டே. அப்படித்தான?"

"அந்த ரூலு மேல. அங்க நேரம் இல்ல." இசக்கிராஜா டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தான். "இங்கன தரையில நேரம் இருக்கு. அதான் மூணாந்தடவையும் கேக்கலாம்னு வந்தேன். உங்களுக்கு என்ன பாய் செய்யுது?"

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்பிச் சத்தம் ஓய்ந்தது. பிறகு சுஹைப் ஒரு பழத்தை எடுத்தார். வாயில் போடாமல் விரலால் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"கம்பெனி கூப்பிடப் போவுதுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே காத்துவாக்குல கேள்விப்பட்டேன். மெடிக்கல்ல சர்க்கரை தெரிஞ்சா நிறுத்திருவான். அதான் காலைல வயித்தக் காயப்போட்டு, டாக்டர் சொன்னதுக்கு மேல மாத்திரை முழுங்கினேன். சர்க்கரை நம்பர் கொறஞ்சுது. நம்பர் கொறையக் கொறைய எனக்குச் சந்தோசம். கை நடுங்கும், கண்ணு இருட்டும். நம்பர் மட்டும் சுத்தமா இருக்கும்." சிரிக்கப் பார்த்தார். "எவ்வளவு பெரிய கேப்டன். பெட்ரோல் இல்லாம பறந்து பாத்திருக்கேன்."

"பழத்த என்னைத் திங்க விட்டிய."

"டப்பா காலியாப் போனாத்தான அவ சந்தேகப்பட மாட்டா."

அதைக் கேட்டு இசக்கிராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அதத் தின்னுங்க முதல்ல" என்றான். சுஹைப் தின்றார். பிள்ளை மருந்து சாப்பிடுவது போல மெதுவாக மென்றார்.

"அந்தம்மா காப்பி நீட்டும்போதுகூட வேண்டாம்னேன் பாத்தியா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "சாவக் கெடக்கும்போதும் நம்பர் ஏறிருமேன்னுதான் நெனச்சேன். தொழும்போது அதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அவ காலு நடக்காது. வண்டி மோதியிருந்தா எறங்கி ஓடக்கூட முடியாது. அவளத்தான் பின்னால வச்சுக்கிட்டு நான் மயங்கியிருக்கேன். நடக்க முடியாதவ எனக்குக் காப்பி குடுக்கா."

மணி ஐந்தரை தாண்டியிருந்தது. சுஹைப் போனை எடுத்தார். கம்பெனிக்கு இங்கிலீஷில் தட்டினார். தட்டத் தட்ட இசக்கிராஜாவிடம் தமிழில் சொன்னார். திரும்பி வர எனக்குச் சம்மதம். ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், இன்று வண்டி ஓட்டும்போது நினைவு தப்பியது. மருத்துவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை என்னை முன்னறையில் உட்காரவைக்க வேண்டாம். அவ்வளவுதான். படித்துக் காட்டினார். விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேல் ரொம்ப நேரம் நின்றது. "பிஸ்மில்லா" என்று சொல்லி அமுக்கினார்.

"மாத்திரைய மாத்தி, ஒழுங்காச் சாப்பிட்டா விடுவாங்களோ?" என்று இசக்கிராஜா கேட்டான்.

"விட்டாலும் விடுவான். விடாட்டியும் போவான். எனக்குத் தெரியல." அவர் முகத்தில் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அது ஒளிந்துகொள்ளாத பயம். "இப்ப நீ."

"நீங்கதான் ஒரே பதில்னு சொன்னிய."

"சொன்னேன். அது உன்னையும் இழுத்துக்கிட்டுப் போகச் சொன்ன பேச்சு. துணைக்கு ஆள் இருந்தா ஒளிச்சு வைக்க லேசா இருக்கும்னு நெனச்சேனோ என்னமோ. எம் பதிலு எம் உடம்புக்கு. உம் பதில நீ சொல்லு."

காலையில் நிர்மலாதேவி சொன்னதையேதான் இவரும் சொன்னார். பிடித்துக்கொண்டிருந்த வேர் கையை விட்டுப் போய்விட்டது. வெள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

இசக்கிராஜா போனை எடுத்தான். கம்பெனியை நம்பலாமா என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குப் பதில் தெரியாது. ஆனால் மத்தியானம் அந்த வளைவில் அவன் கை, அவன் யோசிக்கும் முன்னால், சரியானதைச் செய்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் பழக்கம் செத்துப்போகவில்லை. இறைவன் ஒரு கையில் ஒரு வேலையை வைத்திருக்கிறான் என்றால் அதைப் பயந்து மடக்கி வைக்கக் கூடாது என்று தோன்றியது. போக வேண்டும். அது தெரிந்தவுடனே இன்னொன்றும் தெரிந்தது. சுஹைப் இனி கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது. ஆய்க்குடியில் இன்னும் ஐந்தருவி பார்க்காத குழுக்கள் இருக்கின்றன. சாரல் முடிவதற்குள் அவர்களைக் கூட்டிப்போக வேறு யாரும் வரப்போவதில்லை.

அவன் எழுதினான். வருகிறேன். ஆனால் உடனே இல்லை. குற்றால சீசன் முடியும் வரை இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த நாள் சொன்னாலும் வருகிறேன். ஒத்துக்கொள்வீர்களா?

சுஹைப் எட்டிப் படித்துவிட்டுப் பதறினார். "ஏலே, கிறுக்கா. நிபந்தனை போட்டா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவான். அந்தக் கடைசி வரிய எடு."

"இருக்கட்டும் பாய்."

"எனக்காகச் செய்யாதலே."

"உங்களுக்காக மட்டும் இல்ல. கோமதியம்மா அடுத்த வாட்டி முழுசா நனையணும்னு சொல்லிச்சு. வெறும் தூத்தலத் தொட்டுட்டு வந்தது போதாதாம்."

அனுப்பிவிட்டான். மணி ஆறாக இன்னும் கொஞ்சம் இருந்தது. பெற்றுக்கொண்டோம் என்று இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு செய்தி தானாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வீட்டு வாசலில் வேன் நின்றதும் சுஹைப் இறங்கினார். உள்ளே போகக் கால் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூட வரட்டுமா?" என்று இசக்கிராஜா கேட்டான். "வேண்டாம். இது நான் சொல்ல வேண்டியது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இசக்கிராஜா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே குரல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. போனை எடுத்துப் பார்த்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். தெருவிளக்கு எரிந்தது. யார் வீட்டிலோ தாளிக்கிற வாசம் வந்தது.

கதவு திறந்தது. சஃப்ரின் முன்னால் வந்தாள், சுஹைப் பின்னால். அவள் கண் சிவந்திருந்தது. முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேன் ஜன்னல் அருகே நின்றாள். அந்த வெள்ளைச் சட்டையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, நாளைக்குச் சவாரி இருக்கா?"

"காலைல புளியறைக்கு ஒண்ணு இருக்கு மதினி."

"அவுக பக்கத்துல உக்காந்து வரட்டும். சாப்பிட்டாத்தான் ஏத்தணும். ஸ்டீயரிங்க தொட விடாதிய."

"விட மாட்டேன்."

அவள் கையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. இரண்டையும் முன்னால் வைத்தாள். ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "இது அவுகளுக்கு. எத்தன போயிருக்குன்னு சாயங்காலம் பாப்பேன்." மற்றதைத் தொட்டாள். "இது உங்களுக்கு. மாத்தித் திங்காதிய, ரெண்டு பேரும்."

சுஹைப் சட்டைப் பையிலிருந்து வேனின் இன்னொரு சாவியை எடுத்தார். வேன் வாங்கிய நாளிலிருந்து அது அவர் பையை விட்டு வெளியே வந்ததில்லை. ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வண்டி உனக்கு" என்றார்.

"வண்டி எனக்கு."

அதைக் கேட்ட பிறகும் அவர் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.